வெறும் வயிற்றில் நூற்று ஆறு

தையல்காரர் ரவுண்டானாவுக்குள் நுழைந்துவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் மூன்றாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தபோது பிரேக் டீச்சரின் கைப்பையில் போன் அதிர்ந்தது.

"டீச்சர், இப்பவாவது வெளிய போகலாமா?"

"கண்ணாடியைப் பாருங்க சார். சிக்னல் போடுங்க. அந்த மஞ்சள் கட்டடத்தைத் தாண்டினதும் திருப்புங்க. மெதுவா. மெதுவான்னா நிறுத்தச் சொல்லலை!"

பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். தையல்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். நாற்பத்தெட்டு வயது. கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே வகுப்புக்கு வந்துவிடுவார். கோட்டுக்குக் கை வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். காருக்குக் கை வைக்கத்தான் வரவில்லை.

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்றே பேர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினோரு வருடமாக அதன்மேல் கால் வைத்துப் பழகி, வீட்டில் டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட அவள் கால் தரையை அழுத்தும். ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. காலில் சுடுதண்ணீர் கொட்டியவள் மாதிரி எப்போதும் ஒரு பரபரப்பு. காரில் மட்டும்தான் அவள் மணிக்கணக்கில் உட்காருவாள். கார் ஓடுகிறதே, அதனால்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

"முந்தாநாள் குளுக்கோஸ் குடிச்சு ரத்தம் குடுத்தீங்கல்ல? ரிசல்ட் வந்திருக்கும்மா. சர்க்கரை கூடுதலா இருக்கு" என்றது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. கர்ப்பத்துல வர்ற சர்க்கரை. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்திருங்க. கூட வீட்டுக்காரர் வந்தா நல்லது."

இருபத்தேழாவது வாரம். முப்பத்தைந்து வயதில் முதல் குழந்தை. டீயில்கூட அவள் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. யாரோ செய்த தப்புக்குத் தன்மேல் வழக்குப் போட்டது போல் இருந்தது.

"டீச்சர், எஞ்சினை அணைச்சிடவா, ஓடட்டுமா?" என்று தையல்காரர் கேட்டார்.

"ஓடட்டும். நாம போயிட்டே இருப்போம்."

மறுநாள் அவளும் வீட்டுக்காரரும் போனார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளிலேயே பாதிப் பொழுதைக் கழிப்பதால், சாதாரண அறைக்குள்கூடக் குனிந்துதான் நுழைவார்.

சர்க்கரைப் பிரிவில் இருந்த நர்ஸ் பெருத்த உடம்புக்காரி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு மீட்டரையும், கோடு போட்ட ஒரு நோட்டையும் மேஜைமேல் வைத்தார்.

"தினம் நாலு தடவை விரல்ல குத்திப் பாக்கணும். காலையில எழுந்ததும் வெறும் வயித்துல தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இருக்கணும். அப்புறம் மூணு வேளையும் சாப்பிட ஆரம்பிச்ச நேரத்துலேருந்து ஒரு மணி நேரம் கழிச்சு, நூத்தி நாப்பதுக்குக் கீழ. பாத்ததை இந்த நோட்டுல எழுதுங்க."

"சோத்தை விட்டுடணுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"விட வேண்டாம். அளவை மாத்தணும்." நர்ஸ் ஒரு தட்டின் படத்தை வரைந்தார். "பாதி காய், கீரை. கால் பங்கு முட்டை, மீன், பருப்பு. மிச்சக் கால் பங்குதான் சோறோ ரொட்டியோ. ஒரேயடியா சாப்பிடாம நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமா. சாப்பிட்டதும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் நடை."

"நடக்குறதா? இவளை நிக்க வைக்கத்தாங்க கஷ்டம்" என்றார் வீட்டுக்காரர்.

நர்ஸ் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலை. நஞ்சுக்கொடி சுரக்குற சில சமாச்சாரம் உங்க இன்சுலினை வேலை செய்ய விடாது. சில பேர் உடம்பு சமாளிச்சிடும், சில பேருக்கு முடியாது. சாப்பாட்டுல அடங்குதான்னு ரெண்டு மூணு வாரம் பாப்போம். அடங்கலைன்னா ஊசி போட்டுக்கலாம்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். குத்துவதற்குப் பயந்தல்ல. பள்ளியில் மீசைக்காரர் என்று ஒரு பழைய பயிற்சியாளர் இருந்தார். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வண்டியில் ஏறி, ஒருநாள் காருக்குள்ளேயே கண் சொருகிவிட்டார். கற்றுக்கொண்டிருந்த பெண் பதறியதில் கார் நடைபாதையில் ஏறிப் பூக்கடைப் பலகையில் போய் முட்டியது. நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. அன்றைக்கே முதலாளி ஒரு சட்டம் போட்டார்: ஊசி போடுகிறவர்களுக்குப் பயிற்சிக் காரில் இடமில்லை. மீசைக்காரர் இப்போது அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்து, விண்ணப்பங்களில் போட்டோ ஒட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

வீட்டில் மாமியார்தான் முதலில் கொதித்தார்.

"என் சமையல்லயா சர்க்கரை வந்துச்சு? முப்பது வருஷமா இந்தக் கையாலதான் எல்லாருக்கும் போடுறேன். ஒருத்தருக்கு ஒண்ணு வந்ததில்லை!"

"உங்க சமையலை யாரும் குறை சொல்லலை அத்தை. நஞ்சுக்கொடியாம்."

"நஞ்சுக்கொடி என் பேரனோடதுதானே? அப்ப எங்க குடும்பத்தையே சொல்றாங்களா?"

ஆனால் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சின்னத் தராசு ஒன்றை வாங்கிவந்தவரும் அவர்தான். வேகவைத்த பருப்பையும் சோற்றையும் தங்கம் நிறுப்பது போல் நிறுத்துத் தட்டில் வைத்தார். மகனுக்கும் அதே அளவு. "ஒரே வீட்டுல ரெண்டு சட்டம் கிடையாது" என்றார். லிஃப்ட் மெக்கானிக் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சாப்பிட்டார். பிறகு வேலைக்குப் போகிற வழியில் எங்கேயோ நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் இளைக்கவேயில்லை.

அதிலிருந்து அவளுடைய நாள் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவதாக மாறியது. எட்டு மணிக்குச் சாப்பிட்டால் ஒன்பதுக்குக் குத்த வேண்டும். ஒன்பதுக்கு யாராவது ஒருவர் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேம்பாலம் ஏறிக்கொண்டிருப்பார். முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பதால் மாணவர்களுக்கும் தெரியக்கூடாது. "ஓரமா நிறுத்துங்க. இது கண்ணாடிப் பாடம். அஞ்சு நிமிஷம் பின்னால வர்ற வண்டிகளை மட்டும் எண்ணுங்க, திரும்பக் கூடாது" என்பாள். அவர்கள் பயபக்தியோடு வண்டிகளை எண்ணும்போது, பைக்குள் கையை விட்டு விரலைக் குத்துவாள். நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பத்தொன்று. நூற்றுப் பதினெட்டு. எல்லாம் கோட்டுக்குள் இருந்தன. மனது கொஞ்சம் ஆறும். அடுத்த வேளை நெருங்கும்போது மறுபடி அடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குப் பிந்திய எண்கள் சொன்னபடி கேட்டன. காலை எண்தான் மசியவில்லை. எழுந்ததும் பார்த்தால் நூறு. மறுநாள் நூற்று மூன்று. அடுத்த நாள் நூற்று ஆறு. ராத்திரிச் சோற்றைக் குறைத்துப் பார்த்தாள், ரொட்டிக்கு மாறிப் பார்த்தாள், சாப்பிட்டபின் தெருமுனைவரை இரண்டு தடவை நடந்து பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. விழித்திருக்கும்போது எழுதும் பரீட்சை எல்லாவற்றிலும் தேறிவிட்டு, தூங்கும்போது எழுதும் ஒரே பரீட்சையில் தோற்பது போல் இருந்தது. அந்தப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது?

நூற்று ஆறு வந்த காலையில் குளியலறைத் திண்டில் உட்கார்ந்து, நோட்டைத் தொடைமேல் வைத்து, பேனாவை எடுத்தாள். கட்டத்தில் தொண்ணூற்று இரண்டு என்று எழுதினாள். நாளைக்குக் குறைந்துவிடும், அப்போது சரியாகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நாளைக்குக் குறையவில்லை. தொண்ணூற்று நான்கு என்று எழுதினாள். அதற்கு மறுநாள் எண்பத்தொன்பது. ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒருநாள் தொண்ணூற்றாறு எழுதி, பக்கத்தில் "சரியாத் தூக்கமில்லை" என்று குறிப்பு வேறு போட்டாள். எழுதிய எண்ணை உண்மையாக்கிவிட வேண்டும் என்ற வெறியில் ராத்திரிச் சாப்பாட்டையே விட ஆரம்பித்தாள். மாமியார் நிறுத்து வைத்த தட்டை, "மத்தியானம் சாப்பிட்டதே நெஞ்சுல நிக்குது அத்தை" என்று தள்ளிவைத்தாள். மூன்று வாரத்தில் முகம் ஒட்டிப்போயிற்று. வயிற்றுக்குள் குழந்தை உதைக்கும்போதெல்லாம் சந்தோஷத்துக்குப் பதிலாக, யாரோ கதவைத் தட்டி விசாரிக்க வந்தது போல் திடுக்கிட்டாள்.

முப்பத்தொன்றாவது வாரம் ஸ்கேன். எடுத்த டாக்டர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார். கருவி வயிற்றின்மேல் போய்ப்போய் வந்தது.

"குழந்தை நல்லா இருக்கு. ஆனா அதோட வயித்துச் சுற்றளவு மட்டும் வாரத்துக்கு மீறி இருக்கு. பனிக்குடத் தண்ணியும் கொஞ்சம் அதிகம்" என்றார். "சர்க்கரை நர்ஸைப் பாத்துட்டுப் போங்க."

நர்ஸ் முதலில் எடையையும் சிறுநீர்ச் சோதனைத் தாளையும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"நோட்டைப் பாத்தா எல்லாம் அருமையா இருக்கே. ஸ்கேன் வேற கதை சொல்லுது. எடை குறைஞ்சிருக்கு, பட்டினி கிடந்த மாதிரி சிறுநீர்ல கீட்டோன் இருக்கு. மீட்டரைக் குடுங்க பாப்போம், நேரம் சரியா காட்டுதான்னு."

"அது வீட்டுல…" என்று ஆரம்பித்தாள். ஆனால் மீட்டர் மடியில் திறந்து கிடந்த பையிலேயே கண்ணில் படும்படி இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

நர்ஸ் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். இன்னொரு தடவை. பிறகு அழுத்திக்கொண்டே இருந்தார். இடது கையில் மீட்டர், வலது கை நோட்டின்மேல். ஒவ்வொரு கட்டமாக விரல் இறங்கியது. அந்த மீட்டர், குத்திய ஒவ்வொரு துளியையும் தேதியோடு நினைவில் வைத்திருக்கும் என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. "பாத்ரூம் போயிட்டு வந்துடுறேன்" என்று எழுந்தாள். எழுந்தவள் கதவுவரை போனாள், திரும்பி வந்தாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்கம்மா."

"முடியலை."

"சரி, நின்னுட்டே பேசலாம்." நர்ஸ் நோட்டை மூடினார். "மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி நோட்டு கொண்டு வருவாங்க. ஆனா 'சரியாத் தூக்கமில்லை'ன்னு குறிப்பெல்லாம் போட்டு இவ்வளவு அழகா ஜோடிச்சது நீங்கதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. மீசைக்காரரைப் பற்றி, பூக்கடையைப் பற்றி, ஜன்னல் இல்லாத மூலையைப் பற்றி எல்லாம் கொட்டினாள். நர்ஸ் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சாப்பாட்டுல நீங்க ஜெயிச்சுட்டீங்க. சாப்பிட்டப்புறம் பாத்த நம்பரெல்லாம் மீட்டர்லயும் நல்லாத்தான் இருக்கு, அது பொய் இல்லை. காலை நம்பர் உங்க கையில இல்லம்மா. நீங்க தூங்கும்போது ஈரல் சர்க்கரையை விடும். அதை அடக்குற அளவுக்கு உங்க இன்சுலின் பத்தலை. ராத்திரி பட்டினி கிடந்தா அதுக்கு மருந்தாகாது, குழந்தைக்கும் நல்லதில்லை. படுக்கும்போது ஒரே ஒரு ஊசி. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைகிட்ட போகாது."

"வண்டி?"

"அளவு நிலைக்கு வர்ற வரைக்கும் வண்டி வேண்டாம். அதுக்கப்புறம் டாக்டரைக் கேட்டுட்டு, ஏறுறதுக்கு முன்னாடி பாத்துட்டு ஏறணும். முதலாளிகிட்ட மறைக்காதீங்க. லெட்டர் வேணும்னா நான் வாங்கித் தர்றேன்."

தொடையில் எப்படிக் குத்துவது என்று பேனா மாதிரி இருந்த ஊசியைக் காட்டிக்கொடுத்தார். சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்யும், கையில் எப்போதும் என்ன வைத்திருக்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை அவளையே சொல்ல வைத்தார்.

வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சமையலறையில் அவர் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். கதவில் சாய்ந்து நின்று, கால் மாற்றிக் கால் மாற்றிச் சொல்லி முடித்தாள். அவர் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"மூணு வாரமா?"

"மூணு வாரமா."

"பக்கத்துலயே படுத்திருக்கேன்டி நான்." குழாயை ஒரு சுற்று முறுக்கினார். "லிஃப்ட்ல கதவு திறந்திருக்கும்போது 'மூடியாச்சு'ன்னு சிக்னல் வந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? திறந்த கதவோடயே கிளம்பிடும். கதவு ரிப்பேர்னா நான் பயப்பட மாட்டேன். அந்தப் பொய் சிக்னலுக்குத்தான் பயப்படுவேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இரண்டு நாள் வீட்டில் குழாய், கதவுத் தாழ்ப்பாள், மிக்ஸி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றி மாட்டினார். மூன்றாம் நாள் காலை அவள் விரலைக் குத்தும்போது பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். மீட்டர் நூற்று நான்கு காட்டியது. பேனாவை எடுத்து அவரே நோட்டில் எழுதினார், நூற்று நான்கு என்று, கொட்டை எழுத்தில்.

முதலாளி விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். கூலிங்கிளாஸை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவது அவர் பழக்கம்.

"எதுக்கும்மா ரிஸ்க்? அந்த மூலையில இன்னொரு நாற்காலி காலியாத்தான் இருக்கு, மீசைக்காரருக்குப் பக்கத்துல. பிரசவம் வரைக்கும் போட்டோ ஒட்டு."

"நானும் கார்ல ஏறுறேன்னு சொல்லலை சார். அளவு நிலைக்கு வர்ற வரைக்கும் ஏறவே மாட்டேன். பின்னால மைதானம் இருக்குல்ல? ரிவர்ஸ், பார்க்கிங், எட்டுப் போடுறது, இதெல்லாம் நான் வெளிய நின்னு சொல்லித் தர்றேன். பக்கத்து சீட்டுல வேற ஆள் உட்காரட்டும்."

"வெயில்ல நிப்பியா?"

"நிக்க மாட்டேன். நடப்பேன்."

முதலாளி கூலிங்கிளாஸை இறக்கிக்கொண்டார். வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆக, பிரேக் டீச்சர் பிரேக் இல்லாமல் வேலை பார்க்கத் தொடங்கினாள். ரப்பர் கூம்புகளுக்கு நடுவே கார் நகரும், அவள் கூடவே நடப்பாள். காருக்கு உள்ளே மீசைக்காரர், வெளியே அவள். மீசைக்காரரை அவள்தான் கேட்டுக்கொண்டாள். அவர் சர்க்கரை கட்டுக்குள் வந்து வருடக்கணக்காகிறது, டாக்டர் சீட்டும் இருக்கிறது, மைதானத்துக்குள் மட்டும் என்றால் முதலாளியும் மறுக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு காரில் உட்கார்ந்த மனிதர் சீட் பெல்ட்டை மூன்று தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார்.

ஊசி எட்டு யூனிட்டில் ஆரம்பித்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை நர்ஸிடம் போனில் எண்களைச் சொல்லி, இரண்டிரண்டாகக் கூட்டினார்கள். நூற்றொன்று. தொண்ணூற்றெட்டு. பதினாறு யூனிட் வந்தபோது ஒருநாள் தொண்ணூற்றொன்று என்று காட்டியது. அவள் நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினாள். எண்பத்தொன்பது. குளியலறையிலிருந்து கத்தியதில் மாமியார், பிரசவ வலி வந்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த வாரத்தில்தான் அது நடந்தது. தையல்காரருக்கு லைசென்ஸ் பரீட்சை நெருங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கே ஒத்திகை பார்க்க வந்துவிடுகிறேன் என்றார். அவள் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு, அங்கே போய்ச் சாப்பிடலாம் என்று கிளம்பினாள். போனதும் ஒரு ரிவர்ஸ், இன்னொரு ரிவர்ஸ், ஒரு கூம்பு சாய்ந்தது, மறுபடி முதலிலிருந்து. டப்பா மறந்தேபோயிற்று.

எட்டே கால் இருக்கும். விரல் நுனிகள் படபடவென்று நடுங்கின. வெயில் ஏறுவதற்கு முன்பே முதுகில் வேர்த்துக் கொட்டியது. "ஸ்டியரிங்கை முழுசாத் திருப்புங்க" என்று சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து என்னவோ வந்தது.

"டீச்சர், என்ன சொல்றீங்க? புரியலை."

அவள் பதில் சொல்லாமல் கூம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தையல்காரர் காரை நிறுத்தினார். கியரை எடுத்தார், கைப்பிரேக்கை இழுத்தார், எஞ்சினை அணைத்தார். நான்கு மாதமாக ஒன்றைச் செய்தால் ஒன்றை மறந்துகொண்டிருந்த மனிதர் அத்தனையையும் வரிசை தவறாமல் செய்துவிட்டு இறங்கி ஓடிவந்தார். பின்னாலேயே மீசைக்காரர். அவர் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அவளுடைய பையைத் திறந்து பழரச டப்பாவை எடுத்துக் குழலைக் குத்தி வாயில் வைத்தார்.

"உறிஞ்சு. பேசாதே, உறிஞ்சு. எனக்கு இது அத்துப்படி."

மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டியது. தரையிலேயே உட்காரவைத்தார்கள். தையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அளவு நாடாவால் அவளுக்கு விசிறினார். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது எண்பத்து நான்கு. டப்பாவைத் திறந்து ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட்டாள். கை நிதானத்துக்கு வந்தது, நெஞ்சுதான் வரவில்லை. மைதானத்துக்கு வெளியே சாலையில் ஒரு பள்ளி வேனும் பஸ்ஸும் போயின, சைக்கிளில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ரவுண்டானாவின் நடுவில், தன் காலடிப் பிரேக்கை நம்பி இன்னொருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இது வந்திருந்தால்? ஐம்பத்தெட்டு என்று நோட்டில் எழுதினாள். யாரும் கேட்பதற்கு முன் முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"பிரசவம் முடியுற வரைக்கும் என்னை ரோட்டுக்கு அனுப்பாதீங்க சார்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் முதலாளி. பிறகு, "மீசைக்காரர் எப்படிச் சொல்லிக் குடுக்குறார்?" என்று கேட்டார்.

"என்னைவிட நல்லா" என்றாள். அது அவளுக்குச் சுலபமாக வந்த வார்த்தை அல்ல.

போனில் நர்ஸ் இரண்டு யூனிட் குறைக்கச் சொன்னார். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதற்கு மட்டும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். தையல்காரர் முதல் பரீட்சையில் தோற்று, இரண்டாவதில் தேறினார்.

முப்பத்தெட்டு வாரம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்து வலி வரவழைத்தார்கள். பதினான்கு மணி நேரம். படுக்கச் சொன்னாலும் படுக்காமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றியே வலியைத் தாங்கினாள். மூன்று கிலோ எழுநூறு கிராம், பெண் குழந்தை. மாமியார் பேரன் என்று சொல்லிவந்ததைச் சட்டென்று மாற்றிக்கொண்டு, "நான் எப்பவும் பேத்தின்னுதான் சொன்னேன்" என்றார்.

பிறந்து கொஞ்ச நேரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். நாற்பதுக்கும் கீழே.

"உள்ள இருந்தப்ப உங்க சர்க்கரைக்கு ஈடா நிறைய இன்சுலின் சுரந்து பழகிடுச்சு. இப்ப அந்த வரத்து நின்னுடுச்சு, அதான் தாழுது. உடனே பால் குடுங்க" என்றாள் பிரசவ அறை நர்ஸ்.

மூன்று வாரப் பொய் இந்தச் சின்னக் குதிகாலில் வந்து நிற்கிறதோ என்று அவளுக்கு உயிரே போயிற்று. வாய்விட்டே கேட்டாள்.

"நான் நம்பரை மாத்தி எழுதினேன். அதனாலயா?"

நர்ஸ் குழந்தையை அவள் கையில் வைத்தாள். "அது யாருக்கும் சொல்லத் தெரியாது. எல்லாம் சரியா இருந்தவங்க குழந்தைக்கும் இப்படி ஆகும். முதல்ல பாலைக் குடுங்க."

குழந்தை முதலில் பிடிக்கத் தெரியாமல் தடுமாறி, பிறகு ஆவேசமாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை குத்தியபோது நாற்பத்தெட்டு, அதற்கடுத்து ஐம்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். மறுநாள் மாலைக்குள் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கும் ஊசி தேவைப்படவில்லை. நஞ்சுக்கொடி வெளியேறியதோடு, பிடிவாதம் பிடித்த அந்தக் காலை எண்ணும் தானாகவே எண்பதுகளுக்கு இறங்கிவிட்டது.

ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்து ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ரிசல்ட்டைப் பெருத்த உடம்புக்கார நர்ஸ்தான் சொன்னார்.

"வெறும் வயித்துல நல்லா இருக்கு. ரெண்டு மணி நேர நம்பர் நூத்தி நாப்பத்து மூணு, எல்லைக்குக் கொஞ்சம் மேல. சர்க்கரை நோய்னு சொல்ல முடியாது, ஒண்ணுமில்லைன்னும் சொல்ல முடியாது. அந்தத் தட்டை விட்டுடாதீங்க. நடை இருக்கட்டும். வருஷா வருஷம் வந்து பாருங்க."

"வருஷா வருஷமா? எத்தனை வருஷம்?"

"இருக்குற வரைக்கும்மா."

ஒரேயடியாக முடிந்துவிட்டது என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். ஏமாற்றம் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் பழைய திகில் இல்லை. மீட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தவள் அதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்ப வண்டி?"

"ஊசிதான் நின்னுடுச்சே. உடம்பு தேறினதும் தாராளமா."

வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை பசியில் முகம் சிவந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. என்ன சொன்னார்கள் என்று அவர் கண்ணாலேயே கேட்டார்.

"எல்லைக்குக் கொஞ்சம் மேலயாம். நூத்தி நாப்பத்து மூணு" என்றாள் அவள், ஒன்றைக் கூட்டாமல் குறைக்காமல். குழந்தையை வாங்கிக்கொண்டு பால் கொடுக்க உட்கார்ந்தாள்.